பன்னிரண்டு குட்டிக் கோப்பைகள்

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கிங் கொட்டகை இருந்தது. தோணி என்ற மரக் கப்பலில் போகும் சரக்கை அங்கே பேலட் என்ற கால் வைத்த மரத் தட்டில் அடுக்கி, நாடாப் பட்டை போட்டுக் கட்டி, பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றி அனுப்புவார்கள்.

கொட்டகைக்கு மேஸ்திரி அமலோற்பவம். வயது முப்பத்தைந்து. அவளிடம் தொழில் கற்க வந்த குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்தொன்று. அவள் அவரை அண்ணாச்சி என்றாள். அவர் அவளை மேஸ்திரி என்றார். இதில் இருவருக்கும் கூச்சம் இல்லை.

குற்றாலிங்கம் இருபத்தாறு வருடம் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். வந்த முதல் நாளே அதைச் சொன்னார்.

"இருபத்தாறு வருசத்துல என் கையில ஒரு டெஸ்ட் டியூப் உடைஞ்சதில்ல, மேஸ்திரி."

"அது எப்படி அண்ணாச்சி?"

"பீரோவ விட்டு வெளிய எடுக்க விடமாட்டேன்."

அமலோற்பவம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்கே வந்துருங்க," என்றாள்.

அன்றிலிருந்து சுமை தூக்குகிறவர்களுக்கு அவர் பீரோ அண்ணாச்சி ஆனார்.

பங்குனி மாதம் ஒரு வேலை வந்தது. மாலத்தீவுப் பக்கம் ஒரு சின்னத் தீவு. அங்கே மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள். அதற்குப் பன்னிரண்டு கழிப்பறைக் கோப்பைகள் வேண்டும். எல்லாம் பிள்ளைகளின் அளவு. ஒரு பெரிய ஆளின் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் உயரம். வெள்ளைப் பீங்கான்.

பெரியவர்களின் கோப்பையில் உட்காரப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், உள்ளே விழுந்துவிடுவோம் என்று அழுகிறார்கள் என அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை எழுதியிருந்தார். கழிப்பறை தயாராகாமல் பள்ளியைத் திறக்க அனுமதி கிடையாது. அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகள் தினமும் படகில் ஏறிப் பக்கத்துத் தீவுக்குப் போய் வருகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள். படகில்.

குற்றாலிங்கம் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இத நான் பேக் பண்ணட்டுமா மேஸ்திரி?"

"பண்ணுங்க."

அவர் ஒவ்வொரு கோப்பையையும் பபிள் ஷீட்டில் நான்கு சுற்றுச் சுற்றினார். நடுவில் ஸ்பாஞ்சு வைத்தார். ஸ்பாஞ்சுக்கும் ஸ்பாஞ்சுக்கும் இடையில் தெர்மாகோல். இண்டு இடுக்கில் கசக்கிய காகிதம். மேலே கறுப்பு ஃபிலிமால் ஆறு சுற்று. அதற்கும் மேலே, உடையும் பொருள் என்பதற்காக, சிவப்பில் கண்ணாடிக் குவளைப் படம் போட்ட ஸ்டிக்கர் நாற்பது. முடித்தபோது அது பேலட் மாதிரி இல்லை. கம்பளி போர்த்திய யானை மாதிரி இருந்தது.

தோணி போனது. கடிதம் வந்தது. பதினொன்று உடைந்திருந்தன. தப்பிய ஒன்றில் தலைமை ஆசிரியை பூச்செடி வைத்திருந்தார்.

பீங்கான் கம்பெனி மறுபடி பன்னிரண்டு அனுப்பியது.

"இந்தத் தடவையும் நானே," என்றார் குற்றாலிங்கம். "என் தப்ப நானே சரி பண்ணுதேன்."

"பண்ணுங்க," என்றாள் அமலோற்பவம்.

அவர் பபிள் ஷீட்டை எட்டுச் சுற்றாக்கினார். கறுப்பு ஃபிலிம் பன்னிரண்டு சுற்று.

அடுத்த கடிதமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. குற்றாலிங்கமே வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. சுமை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள்.

"ஐயா, நீங்கள் அனுப்பிய பபிள் ஷீட் எந்தச் சேதமும் இல்லாமல் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் நான்கு நாட்களாக வெடித்து விளையாடுகிறார்கள். கோப்பைகள் வரவில்லை. கோப்பைகளின் துண்டுகள் வந்தன. துண்டுகளை இவ்வளவு பத்திரமாக இதுவரை யாரும் எங்களுக்கு அனுப்பியதில்லை. நன்றி."

யாரும் சிரிக்கவில்லை. கித்தேரியான் மட்டும் வேட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான். அவன்தான் சுமைக்காரர்களுக்குத் தலைவன். அவன் தோள்கள் குலுங்குவது பின்பக்கத் தட்டி வழியாகத் தெரிந்தது.

மூன்றாவது முறையும் பன்னிரண்டு வந்தன. கூடவே கம்பெனிக்காரர் சொல்லி அனுப்பினார். அச்சு தேய்ந்துவிட்டது, அந்தச் சின்ன அளவில் இனி வார்ப்பதில்லை. தோணிக்காரர்களும் சொன்னார்கள். இன்னும் ஒரு நடைதான். அப்புறம் காற்று மாறிவிடும், நாலு மாதத்துக்குத் தோணி கிடையாது.

குற்றாலிங்கம் பன்னிரண்டு கோப்பைகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அமலோற்பவம் டீயோடு வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மேஸ்திரி."

"கேளுங்க."

"எதுல சுத்துனா உடையாது? பபிள் ஷீட்டுனு நெனச்சேன். ஸ்பாஞ்சுனு நெனச்சேன். தெர்மாகோல், காகிதம், எல்லாம் பாத்தாச்சு. இன்னும் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் இருக்கு. அது என்னனு சொல்லிருங்க."

"சாப்ட்டீகளா அண்ணாச்சி?"

"சாப்ட்டேன்."

"கனமாவா?"

"நாலு இட்லி."

"அப்போ ஏறுங்க."

"எங்க?"

"பேலட்ல."

குற்றாலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு எதுவும் இல்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு ஏறினார்.

சலவை எந்திரம் அனுப்பச் செய்த மரக் கூடு ஒன்று மூலையில் கிடந்தது. நாலு பக்கமும் சட்டம், மேலே பலகை. அதைப் பேலட்டில் வைத்து அவரை உள்ளே உட்காரச் சொன்னாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கோப்பைகளுக்கு என்ன செய்தாரோ அதை அவருக்குச் செய்தாள். இடது பக்கம் ஸ்பாஞ்சு. வலது பக்கம் ஸ்பாஞ்சு. முதுகுக்கு பபிள் ஷீட். கால் பக்கம் தெர்மாகோல்.

"எப்படி இருக்கு?"

"நல்லா மெத்து மெத்துனு இருக்கு மேஸ்திரி. தூங்கிருவேன்."

"கீழ ஒரு சாண் இடம் விட்டுருக்கேன், மூச்சு விட. பேசாதீக. தும்மாதீக."

மேலே கறுப்பு ஃபிலிம் சுற்றினாள். அவருடைய ஸ்டிக்கரிலேயே மிச்சம் இருந்ததை எல்லாம் ஒட்டினாள். வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"கித்தேரி, இந்த பேலட்ட தோணி ஜெட்டி வரைக்கும் கொண்டு போயிட்டுத் திரும்பக் கொண்டு வா."

"திரும்பவா? எதுக்கு?"

"போயிட்டு வாயேன்."

கித்தேரியானும் இன்னொரு சுமைக்காரன் சுடலைமணியும் டிராலியைப் பேலட்டுக்கு அடியில் விட்டுத் தூக்கி இழுத்தார்கள். உள்ளே குற்றாலிங்கம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். முதல் பள்ளத்தில் அவருடைய ஸ்பாஞ்சு அமுங்கியது. இரண்டாவது பள்ளத்தில் இன்னும் அமுங்கியது. மூன்றாவது பள்ளத்தில் கூடு பேலட்டின் மேல் ஒரு சாண் நகர்ந்தது. நகர்ந்ததை வெளியே யாரும் கவனிக்கவில்லை.

பாதி வழியில் நின்றார்கள். தலைக்கு மேல் பலகை கிறீச்சிட்டது. கித்தேரியான் அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். டீக் கடை வந்திருக்க வேண்டும்.

"இதுல என்னடே இருக்கும்?" சுடலைமணியின் குரல்.

"கிளாஸ் படம் ஒட்டிருக்குல்லா. பிராந்தி பாட்டிலா இருக்கும்."

"நெறய ஒட்டிருக்கு."

"ஒரு படத்துக்கு ஒரு பாட்டில்."

"ஆட்டிப் பாப்பமா?"

ஆட்டிப் பார்த்தார்கள்.

"சத்தமே வரல."

"எப்படி வரும்? கட்டிருக்கத பாத்தா தெரியலயா, பீரோ அண்ணாச்சி வேல. அவர் கட்டுனா நமக்குக் கவலையே வேண்டாம்டே. கழுகுமலை உச்சியில இருந்து உருட்டி விடலாம்."

ஜெட்டியில் டிராலியைச் சட்டென்று இறக்கினார்கள். அரை அடி உயரம்தான் இருக்கும். குற்றாலிங்கத்துக்கு நாலு இட்லியும் ஞாபகத்துக்கு வந்தன.

கொட்டகைக்குத் திரும்பியதும் அமலோற்பவம் கத்தியால் ஃபிலிமை அறுத்தாள். குற்றாலிங்கம் வெளியே வந்தார். தலைமுடி முழுக்கத் தெர்மாகோல் உருண்டை. நெற்றியில் ஒரு வீக்கம்.

கித்தேரியான் டிராலிக் கைப்பிடியை விட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, நீங்களா உள்ள?"

"நாந்தான். அம்புட்டுப் பாட்டிலும் நாந்தான்."

சுடலைமணி கொட்டகையை விட்டே வெளியே போய்விட்டான்.

அமலோற்பவம் கேட்டாள்.

"எங்க அடிபட்டுச்சு?"

"தலையில. முழங்கையில. கொஞ்சம் மனசுலயும்."

"உள்ள ஸ்பாஞ்சு இருந்துச்சுல்லா?"

"இருந்துச்சு. முதல்ல சுகமாத்தான் இருந்துச்சு. அமுங்க அமுங்க எனக்கு ஆடுததுக்கு இடம் வந்துட்டு. பெறவு நானே போய் இடிச்சேன்."

அவள் கூட்டுக்குள் கையை விட்டாள். ஸ்பாஞ்சை எல்லாம் கூட்டிலிருந்து வெளியே எடுத்துப் போட்டாள்.

"மறுபடி ஏறுங்க."

"மேஸ்திரி..."

"ஏறுங்க அண்ணாச்சி. இன்னொரு டீ சொல்லுதேன்."

இந்த முறை மெத்தை எதுவும் இல்லை. முதுகு பலகையில் ஒட்டி இருந்தது. பாதம் எதிர்ச் சட்டத்தில் ஊன்றி இருந்தது. முதுகுக்கு ஒரு மடித்த அட்டை, முழங்காலுக்கு ஒரு மடித்த அட்டை, அவ்வளவுதான். அசைந்து பார்த்தார். அசைய முடியவில்லை. கூட்டின் நாலு முனைக்கும் மூலை அட்டை கொடுத்து, பேலட்டோடு சேர்த்து இரண்டு பட்டை போட்டு இறுக்கினாள். பிறகு ஃபிலிம் எடுத்தாள். கறுப்பு இல்லை. கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரியும் ஃபிலிம். பேலட்டின் காலிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி அவர் மார்பு உயரத்தில் நிறுத்தினாள். அதற்கு மேல் காற்றுக்கு விட்டுவிட்டாள். மேல்பலகையையும் கழற்றிவிட்டாள்.

ஸ்டிக்கர் ஒன்றுகூட ஒட்டவில்லை.

"கித்தேரி, ஜெட்டி வரைக்கும்."

கித்தேரியான் டிராலியை இழுக்கவில்லை. அந்த வேலையைச் சுடலைமணியைக் கூப்பிட்டுக் கொடுத்தான். தான் முன்னால் நடந்து, வழியில் கிடந்த கல்லை எல்லாம் காலால் ஒதுக்கினான்.

"பாத்து, பாத்து. பள்ளம் இருக்கு. மெதுவாத் தூக்கி வை. அண்ணாச்சி, சவுரியமா இருக்கா?"

"இருக்குடே."

டீக் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கடைக்காரர் கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ அப்படியே நின்றது. மீன் கூடையோடு வந்த ஒரு பெண் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"இவர எங்கய்யா அனுப்புதீக?"

"மாலத்தீவுக்கு," என்றான் சுடலைமணி.

"எதுக்கு?"

"சின்னப் பிள்ளைக கேட்டிருக்கு."

"அதுக்காக இப்படி மொட்ட வெயில்லயா கொண்டு போவீக?"

அவள் யாரிடமோ குடை வாங்கி, விரித்து, பேலட்டுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள். கூடையை அங்கேயே விட்டுவிட்டு ஜெட்டி வரை வந்தாள். திரும்பும்போதும் டீக் கடை வரை பிடித்துக்கொண்டு வந்தாள். குற்றாலிங்கத்துக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கையை அசைக்க முடியவில்லை. தலையை அசைத்தார்.

கொட்டகையில் அமலோற்பவம் கேட்டாள்.

"எங்க அடிபட்டுச்சு?"

"எங்கயும் இல்ல."

"ஸ்பாஞ்சு எவ்வளவு வச்சேன்?"

குற்றாலிங்கம் வெளியே கிடந்த ஸ்பாஞ்சுக் குவியலைப் பார்த்தார். கூட்டிலிருந்து இறங்கி, முக்காலியை ஓரமாக எடுத்து வைத்தார். முதல் கோப்பையைத் தூக்கினார்.

இரண்டு நாள் ஆனது. கோப்பைக்கும் கோப்பைக்கும் நடுவில் ஓர் அட்டை மட்டும் நிற்கும்படி, ஒன்றின் வளைவு இன்னொன்றின் வளைவுக்குள் அமரும்படி திருப்பித் திருப்பி வைத்தார். கீழே ஆறு. அதன்மேல் பிளைவுட் பலகை. மேலே ஆறு. மூலைக்கு மூலை அட்டை. பட்டை போட்டு இறுக்கினார். தோளால் தள்ளிப் பார்த்தார். பன்னிரண்டும் ஒரே பொருளாக நின்றன. பிறகு உள்ளே தெரியும் ஃபிலிமைச் சுற்றினார்.

அமலோற்பவம் ஒரே ஒரு தடவைதான் கிட்டே வந்தாள். ஃபிலிமின் கீழ் ஓரத்துக்கும் பேலட்டுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டாள். ஃபிலிம் பேலட்டை இறுக்கிப் பிடிக்கவில்லை, விரல் உள்ளே போனது. அப்படியே நின்றாள்.

குற்றாலிங்கம் ஃபிலிமை அறுத்துவிட்டுப் பேலட்டின் காலிலிருந்து மறுபடி சுற்றத் தொடங்கினார்.

ஏற்றுகிற அன்று காலை கித்தேரியான் டிராலியோடு வந்தான். வந்தவன் பேலட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"இம்புட்டுச் சின்னதா இருக்கே. இதுல யாரு அண்ணாச்சி உக்காருவா?"

"மூணு வயசுப் பிள்ளைக."

அவன் கையை நீட்டி உயரத்தை அளந்தான். அந்தக் கையை அப்படியே தன் முழங்காலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"எங்க வீட்டுச் சின்னது உக்காரலாம்," என்றான். "அவளும் பெருசப் பாத்தா பயந்து என் கழுத்தத்தான் கட்டிக்கிடுவா."

ஃபிலிமை விரலால் தட்டிப் பார்த்தான்.

"ரெண்டு தடவையும் நாந்தான அண்ணாச்சி தோணியில ஏத்துனேன்."

"நான்தானடே கட்டுனேன்," என்றார் குற்றாலிங்கம்.

கித்தேரியான் எழுந்து வழி விட்டான். சுடலைமணி டிராலியை உள்ளே விட்டான்.

ஜெட்டியில் தோணி காத்திருந்தது. கிரேனின் கொக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அமலோற்பவம் கவனித்தாள். குற்றாலிங்கத்தின் கக்கத்தில் ஒரு கறுப்பு ஃபிலிம் உருளை இருந்தது.

"அது என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது?"

"ஒரே ஒரு சுத்து மேஸ்திரி. சும்மா மேலோட்டமா. ஒரே ஒரு சுத்து."

"எதுக்கு?"

"பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"இப்படித் தெறந்த மாதிரி நிக்குதே. யாரு வேணும்னாலும் பாக்கலாம்லா."

"பாக்கட்டுமே."

"இங்கன கித்தேரி இருக்கான். நீங்க இருக்கீக. நான் இருக்கேன். கண்ணுக்கு முன்னால இருக்க வரைக்கும் சரி. நடுக்கடல்ல யாரு பாத்துக்கிடுவா? அங்கன எறக்குதவன் யாரு? எப்படிப்பட்டவன்? அவன் பேருகூட எனக்குத் தெரியாதே மேஸ்திரி."

கொக்கி வந்து தொங்கியது. கித்தேரியான் கயிற்றை மாட்டாமல் இவர்களைப் பார்த்து நின்றான்.

அமலோற்பவம் கேட்டாள்.

"அன்னைக்கு உங்களுக்குக் குடை பிடிச்சாகளே ஒரு அக்கா, அவுக பேரு என்ன?"

அதைக் குற்றாலிங்கம் கேட்டிருக்கவில்லை. திரும்பி டீக் கடைப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

கறுப்பு உருளையைக் கீழே வைத்தார்.

"மாட்டுடே," என்றார் கித்தேரியானிடம்.

பன்னிரண்டு குட்டிக் கோப்பைகளும் வெயிலில் வெள்ளையாக மின்னிக்கொண்டே மேலே போயின. தோணியை ஓட்டும் தண்டல் அண்ணாந்து பார்த்தார். கையில் இருந்த பீடியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார், தானே வாங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரி. பேலட்டைத் தளத்தில் இறக்கியதும் பக்கத்தில் இருந்த சிமென்ட் மூட்டைகளைக் காட்டி ஏதோ சத்தம் போட்டார். இரண்டு பேர் மூட்டைகளைத் தள்ளி அடுக்கினார்கள்.

அதற்குப் பிறகு குற்றாலிங்கம் தினமும் வேலைக்கு வரும்போது ஒரு தடவையும் போகும்போது ஒரு தடவையும் ஜெட்டி முனையில் நின்று கடலைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி தெரியுது?" என்று சுடலைமணி கேட்பான்.

"தண்ணி."

"நேத்தும் அதான தெரிஞ்சுது?"

"இன்னைக்குக் கொஞ்சம் அலை கூடுதல்."

"உடைஞ்சிருந்தா?"

"எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன்டே. இந்தத் தொழிலுக்கு நான் லாயக்கில்லனு அர்த்தம்."

சுடலைமணிக்கு அதற்குப் பிறகு கேலி வரவில்லை. மறுநாளிலிருந்து அவனும் பக்கத்தில் வந்து நின்று கடலைப் பார்த்தான்.

பதினாறாம் நாள் கடிதம் வந்தது. உள்ளே ஒரு போட்டோவும் இருந்தது. குற்றாலிங்கத்தால் உறையைப் பிரிக்க முடியவில்லை. அவ்வளவு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அமலோற்பவம் கத்தியைக் கொடுத்தாள்.

அவர் வாசித்துச் சொன்னார்.

"ஐயா, உங்கள் தோணி வந்தபோது பிள்ளைகள் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஃபிலிம் வழியாக உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டார்கள். எங்களுடையது, எங்களுடையது என்று கூச்சல். இறக்கியவர்கள் யாரும் எங்கள் ஊழியர்கள் இல்லை, மீன் பிடிக்கிறவர்கள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோளில் தாங்கினார்கள். பன்னிரண்டும் உடையாமல் கரை சேர்ந்தன."

கித்தேரியான் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான்.

"இன்னும் இருக்குடே, இரு," என்றார் குற்றாலிங்கம். "வண்டி வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று பிடித்துக்கொண்டு பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் யாரையும் தொடவிடவில்லை. தன்னுடையதைத் தானே இழுத்து வந்தாள். வாசற்படியில் அது சாய்ந்து விளிம்பு உடைந்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த கோப்பைக்குக் கை கொடுக்க ஓடிவிட்டாள். உடைந்ததில் இன்னொரு செடி வைத்திருக்கிறோம். பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது. இந்த முறை ஏன் பபிள் ஷீட் அனுப்பவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்."

கித்தேரியான் வடை வாங்க ஓடினான். சுடலைமணி போட்டோவைப் பிடுங்கிப் பார்த்தான். பதினோரு கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளை, முழுச் சீருடையோடு, கால் இரண்டும் தரையில் நன்றாகப் பதிய, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. பெரிய பொறுப்பில் இருக்கிறவர்களின் முகம்.

"மந்திரிசபை மாதிரி இருக்கு," என்றான் சுடலைமணி.

அமலோற்பவத்துக்கு அன்றுதான் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

போட்டோ கை மாறி மாறிக் கடைசியில் குற்றாலிங்கத்திடம் வந்தது. அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வரிசையைப் பார்க்கவில்லை. ஓரத்தில், வாசற்படிக்குப் பக்கத்தில், விளிம்பு போன கோப்பை ஒன்று தெரிந்தது. அதில் ஏதோ ஒரு செடி இரண்டு இலை விட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வடை வந்தது. ஆறியது.

"மேஸ்திரி."

"சொல்லுங்க."

"பன்னெண்டுல பதினொண்ணு போய்ச் சேந்துட்டு. பிள்ளைக படகுல போக வேண்டாம். எல்லாம் சந்தோசம்தான். ஆனா இந்த ஒண்ணு. இதுக்கு மட்டும் மூலையில இன்னும் ஒரு அட்டை வச்சிருக்கணுமோ? இல்ல, விளிம்புல ஏதாவது சுத்தி விட்டிருக்கணுமோ? இது உடையாம இருக்கணும்னா நான் என்ன பண்ணிருக்கணும்?"

அமலோற்பவம் அடுத்த பேலட்டுக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்தாள். வடையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பீரோவுல வச்சிருக்கணும், அண்ணாச்சி."